அமைதியும் ஒரு கல்வியே!



திருப்பூருக்கு மேற்கே, நொய்யல் ஆற்றின் கரையோரம் அமைந்திருக்கிறது மங்கலம். விசைத்தறிகளின் ஓசை இரவும் பகலும் ஓயாத அவ்வூரில் ஒரு முஸ்லிம் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அத்தா கூலிக்குத் தறி ஓட்டுகிறார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் பணிபுரிகிறான். குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் பெற்ற மகள், இஷாத் தொழுகை முடிந்த ஓர் இரவில் அத்தாவின் அருகே வந்து அமர்கிறாள்.

"அத்தா, நான் மேலே படிக்க விரும்புகிறேன். மனித உரிமை, சமாதானப் பணி ஆகியவை பற்றிய படிப்பு. போர் நடந்து ஓய்ந்த நாடு ஒன்றில் தங்கிப் படித்தால்தான் அது மனத்தில் பதியும் என்கிறார்கள்."

அத்தா திகைத்துப் போகிறார். "டாக்டர் படிப்பு தெரியும், என்ஜினீயர் படிப்பு தெரியும். சமாதானத்துக்கு ஒரு படிப்பா? அதுவும் சண்டை நடந்த ஊருக்குப் போயா படிக்க வேண்டும்?"

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் நம் பிள்ளைகள் உயர்கல்விக்குப் புதிய துறைகளை நாடும் இக்காலத்தில், நம்மில் எவர் வீட்டிலும் எழக்கூடிய கேள்வி இது. அந்த அத்தாவின் கேள்வி நியாயமானது. அதற்கு முறையான விடை தருவது நம் கடமை.

சமாதானத்திற்குப் பாடத்திட்டமா?

உண்டு. அதன் ஒரு பாதி சட்டம். 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனம், 1966இல் ஏற்கப்பட்ட இரு பெரும் உடன்படிக்கைகள், போர்க் காலத்தில் பொதுமக்களைக் காக்கும் ஜெனீவா உடன்படிக்கைகள் ஆகியவற்றை மாணவர்கள் கற்கின்றனர். மறு பாதி மனிதரைப் பற்றியது. பகை எவ்வாறு மூள்கிறது? எவ்வாறு ஓய்கிறது? ஓய்ந்த பகை மீண்டும் மூளாமல் காப்பது எங்ஙனம்? நடந்த உண்மையை வெளிக்கொணர்தல், குற்றத்திற்கு நீதி வழங்கல், இழந்தவர்க்கு ஈடு செய்தல், மீண்டும் நிகழாதென்று உறுதியளித்தல் என நான்கு தூண்களை இத்துறையினர் குறிப்பிடுவர்.

ஏட்டுச் சுரைக்காயாகத் தோன்றுகிறதா? நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். விசைத்தறிக் கூலி உயர்வுப் பிரச்சினை நம் பகுதிக்குப் பழக்கமானதே. பாவு நூல் பெற்றுக் கூலிக்கு நெய்து தரும் தறி உரிமையாளர்கள், "இத்தனை சதவீதம் உயர்த்தாவிட்டால் தறியை நிறுத்துவோம்" என்பார்கள். நூல் தந்து துணி பெறும் ஜவுளி உற்பத்தியாளர்கள், "ஒரு பைசாவும் உயர்த்த இயலாது" என்பார்கள். இவ்விரண்டும் இரு தரப்பின் நிலைப்பாடுகள். நிலைப்பாடுகளை மட்டும் மோதவிட்டால் தறி நிற்கும், அடுப்பும் நிற்கும். நிலைப்பாட்டின் பின்னே மறைந்திருக்கும் தேவை என்ன? ஒருவருக்கு மின்கட்டணமும் தறிக்கு வாங்கிய கடனும். மற்றவருக்கு ஏறி இறங்கும் நூல் விலையும் கிடங்கில் தேங்கிய துணியும். ஆட்சியர் அலுவலகப் பேச்சுவார்த்தையில் இரு தரப்பின் தேவையையும் காது கொடுத்துக் கேட்கும் ஒருவர் அமர்ந்தால், வழி பிறக்கிறது. நிலைப்பாட்டைக் கடந்து தேவையைக் காண்பதே சமாதானக் கல்வியின் முதற்பாடம். சிந்தப்பட்ட இரத்தத்திற்கும் இழந்த மண்ணிற்கும் இடையே அதையே செய்வது எத்துணைக் கடினம் என்பதை வகுப்பறை மட்டும் சொல்லித் தராது. அதனாலேயே போர் ஓய்ந்த மண்ணுக்குச் செல்கின்றனர்.

நம் தாய்மொழியிலேயே ஒரு பாடம்

அத்தகைய மண் வெகு தொலைவில் இல்லை. பாக் நீரிணைக்கு அப்பால், தமிழ் பேசும் இலங்கையின் வடக்கிலேயே இருக்கிறது.

1990 அக்டோபர் மாதம். யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா ஆகிய வட மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம்களை, அப்பகுதிகளைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருந்த விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண நகரில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. ஒஸ்மானியாக் கல்லூரித் திடலில் கூடிய முஸ்லிம்களிடம், இரண்டு மணி நேரத்திற்குள் வெளியேற வேண்டும் என்று கூறப்பட்டது. நகைகளும் பணமும் பறிக்கப்பட்டன. சிறு தொகையும் உடுத்திய உடையுமாக மக்கள் சென்றனர். மன்னார்த் தீவினர் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். இவ்வாறு வேரோடு பிடுங்கப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர்.

புத்தளம் மாவட்டத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் தம் வீடுகளையும் அவர்களுக்குத் திறந்துவிட்டனர். முஹாஜிர்களை வரவேற்ற மதீனத்து அன்ஸாரிகளை நினைவூட்டிய காட்சி அது. ஆனால் சமாதானக் கல்வி பயிலும் மாணவர் இவ்விடத்தில் நின்றுவிடுவதில்லை. "அதன் பின் என்ன நடந்தது?" என்று கேட்கிறார். ஓராண்டு பத்தாண்டாயிற்று, பத்தாண்டு இருபதாண்டாயிற்று. குடிநீருக்கும் கூலி வேலைக்கும் பள்ளியில் இடத்திற்கும் வந்தவரும் இருந்தவரும் போட்டியிடும் நிலை வந்தது. அகதிக்கு அரிசி கிடைக்கிறது. அவனுக்கு அடைக்கலம் தந்த ஏழைக்கு ஒன்றுமில்லை எனும்போது மனக்கசப்பு முளைக்காதா? இருவரும் ஒரே மார்க்கத்தினர், ஒரே மொழியினர், ஆயினும் முளைத்தது. நல்ல நோக்கத்துடன் செய்யும் உதவியும், ஆராயாது செய்தால் தீங்கு விளைவிக்கும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் கற்பிக்க முடியும்?

2009 மே மாதம் போர் முடிந்தது. "இனி ஊர் திரும்பலாம்" என்றார்கள். எந்த ஊருக்கு? வீடு இடிந்து, காணி காடாகி, பத்திரம் தொலைந்து, சில இடங்களில் வேறு மக்கள் குடியேறி இருந்தனர். 1990இல் ஒரு குடும்பமாகச் சென்றவர்கள், பிள்ளைகள் மணமுடித்து நான்கு குடும்பங்களாயினர். இருந்ததோ ஒரு வீட்டுக் காணி. புத்தளத்தில் பிறந்து வளர்ந்த இளைஞனுக்கு யாழ்ப்பாணம் என்பது உம்மா சொன்ன கதை மட்டுமே. பிரச்சினை எதுவெனில், "திரும்புதல்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் சட்டம், நிலம், கல்வி, தொழில், அண்டை வீட்டாரின் மனம் ஆகிய அனைத்தும் அடங்கியிருப்பதே.

கணக்கெடுத்தவரும் கரம் கோத்தவரும்

இந்தத் துயரத்தின் நடுவே கல்வியைக் கருவியாக்கியவர்கள் இருந்தனர். பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் அவர்களில் ஒருவர். மன்னார் மண்ணின் மைந்தரான அவர், வட முஸ்லிம்கள் எதை இழந்தனர் என்பதை முகாம்களில் திரட்டிப் பதிவு செய்தார். எத்தனை வீடு, எவ்வளவு நிலம், எத்தனை கடை, எத்தனை பள்ளிவாசல் என்ற கணக்கு அது. 2001இல் வெளிவந்த அவரது ஆங்கில நூல், இம்மக்களை 'மறக்கப்பட்ட மக்கள்' என்று தலைப்பிலேயே அழைத்தது. 2018இல் அவர் காலமானார். அழுகை ஒரு நாளில் ஓய்ந்துவிடும், ஆவணம் ஓயாது. நாளை இழப்பீடு பற்றிப் பேச எவரேனும் அமர்ந்தால், கையில் இருக்க வேண்டியது அந்தக் கணக்குத்தான்.

மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களுள் ஷிரீன் அப்துல் ஸரூர் என்ற பெண்மணியும் ஒருவர். வெறுப்பை வளர்க்க அவருக்குக் காரணம் இருந்தது. அவரோ 1990களின் இறுதியில், போரால் பாதிக்கப்பட்ட தமிழ்ப் பெண்களையும் முஸ்லிம் பெண்களையும் ஒன்றிணைத்து, மன்னார் மகளிர் அபிவிருத்திச் சம்மேளனம் உருவாகக் காரணமானார். சிறு கடன், சிறு தொழில் என்று தொடங்கிய பணி அது. கணவனை இழந்த இரு பெண்கள் ஒரே பாயில் அமர்ந்து கடன் கணக்குப் பார்க்கும்போது, மேடைப் பேச்சால் முடியாத ஒன்று நிகழ்கிறது அன்றோ?

மற்றொரு குடும்பத்தையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ராஜினி திராணகம, இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்து, போர் நடந்த ஊருக்கே திரும்பி வந்தவர். மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பைத் தோற்றுவித்தோரில் ஒருவர். எத்தரப்பு இழைத்த கொடுமையானாலும் எழுதியே தீர வேண்டும் என்பது அவர் கொள்கை. சக ஆசிரியர்களுடன் சேர்ந்து 'முறிந்த பனை' என்ற நூலை உருவாக்கினார். 1989 செப்டம்பர் 21 அன்று, வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மகள் ஷரிகா திராணகம பிற்காலத்தில் மானிடவியல் அறிஞரானார். 2011இல் வெளியான தம் ஆய்வு நூலில், யாழ்ப்பாணத் தமிழர்களின் துயரத்தோடு, புத்தளத்து முகாம்களில் வாழ்ந்த வட முஸ்லிம்களின் துயரத்தையும் கேட்டு எழுதினார். தாயைத் துப்பாக்கிக்குப் பறிகொடுத்த ஒரு மகள், தன் துயரோடு நின்றுவிடாமல், மற்றொரு சமூகத்தின் வாசலில் அமர்ந்து அவர்கள் கதையைக் கேட்டாள். இக்கல்வியின் உச்சம் எது என்று கேட்டால், இதையே சுட்டிக்காட்டலாம்.

கசக்கும் பாடம்

இனிச் சொல்லப்போவது நமக்குக் கசக்கலாம். ஆயினும் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிக் கட்டுரையாகிவிடும்.

1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டதை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அதே ஆகஸ்டில், கிழக்கின் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதையும், அதில் முஸ்லிம் ஊர்க்காவல் படையினர்மீது குற்றம் சாட்டப்பட்டதையும் நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 2009இன் இறுதிப் போரில் 40,000 வரையிலான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என 2011இல் ஐ.நா. நிபுணர் குழு கூறியது. காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தமிழ்த் தாய்மார்கள் 2017இல் கிளிநொச்சியில் தெருவோரப் போராட்டம் தொடங்கினர். அவர்கள் கண்ணீர் நம் கண்ணீர் இல்லையா? 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் திருநாளில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்களே. அடுத்த மாதமே அப்பாவி முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

எந்தச் சமூகமும் என்றென்றும் கொடுமைக்கு ஆளானதாக மட்டுமே இருந்ததில்லை. எந்தச் சமூகமும் முழுக்கக் கொடியதாகவும் இருந்ததில்லை. 2002 ஏப்ரலில் கிளிநொச்சிச் செய்தியாளர் கூட்டத்தில், வட முஸ்லிம் வெளியேற்றத்தை நியாயப்படுத்த முடியாது என்று புலிகளின் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். அதே மாதம் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூஃப் ஹக்கீமுடன் உடன்பாடும் கையெழுத்தானது. ஆயினும் மக்கள் பெருமளவில் வீடு திரும்ப முடியவில்லை. தலைவர்களின் கையொப்பம் சமாதானத்தின் தொடக்கம் மட்டுமே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எங்கே படிக்கலாம்?

கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1991 முதல் மனித உரிமை ஆய்வுக்கென ஒரு மையம் உண்டு. தாய்லாந்தின் மஹிடோல் பல்கலைக்கழகம் 1998 முதல் மனித உரிமையில் முதுகலைப் படிப்பு வழங்கி வருகிறது. பிலிப்பைன்ஸின் மிந்தனாவோ தீவில், மோரோ முஸ்லிம்களின் நீண்ட போராட்டம் நடந்த மண்ணில், சில வாரப் பயிற்சிகள் 2000 முதல் நடத்தப்பட்டு வருகின்றன.

போஸ்னியாவை நம் சமுதாயம் மறக்காது. 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் 8,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டனர். ஏறத்தாழ நான்காண்டு முற்றுகையைத் தாங்கிய ஸராயேவோ நகரின் பல்கலைக்கழகம், இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகத்துடன் இணைந்து, ஜனநாயகம், மனித உரிமை பற்றிய முதுகலைப் படிப்பை நடத்தி வந்துள்ளது. புதைகுழிகளில் கிடைத்த எலும்புகளை மரபணுச் சோதனையால் அடையாளம் கண்டு, தாயிடம் மகனை ஒப்படைத்த பெரும்பணி நடந்த நாடு அது. வட அயர்லாந்தில் 1998 உடன்படிக்கைக்கு முன் முப்பதாண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்குள்ள பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகமும் அல்ஸ்டர் பல்கலைக்கழகமும் இத்துறையில் பெயர் பெற்றவை. இரு சமூகத்தாரையும் பிரிக்கும் சுவர்கள் பெல்ஃபாஸ்ட் தெருக்களில் இன்றும் நிற்கின்றன. உடன்படிக்கை எழுதுவதைவிடச் சுவரை இடிப்பது கடினம் என்பதை மாணவர்கள் நேரில் காண்கின்றனர்.

கடல் கடக்க இயலாதோர் மனம் தளர வேண்டா. டில்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 2004 முதல் நெல்சன் மண்டேலா பெயரிலான சமாதான ஆய்வு மையம் இயங்கி வருகிறது.

பெற்றோரின் ஐயங்கள்

"செலவுக்கு என்ன செய்வது?" வெளிநாட்டுக் கல்விக் கடனின் வட்டிக்கு உதவிய சிறுபான்மையினருக்கான மத்திய அரசுத் திட்டம் 2022இல் நிறுத்தப்பட்டது உண்மையே. ஆயினும் பிரிட்டனின் செவனிங், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ், ரோட்டரி சமாதான நல்கை ஆகியவை மதம் பாராது தகுதி பார்ப்பவை. செவனிங்குக்கு ஏறத்தாழ இரண்டாண்டும் ரோட்டரியின் முதுகலை நல்கைக்கு மூன்றாண்டும் பணி அனுபவம் தேவை. ஆகவே பட்டம் பெற்றதும் ஓர் அமைப்பிலோ வழக்கறிஞரிடமோ பள்ளியிலோ பணியாற்றிவிட்டு விண்ணப்பிப்பதே அறிவுடைமை. ஆங்கிலத்தில் எழுதவும் பேசவும் தேர்ச்சி வேண்டும்.

"வேலை கிடைக்குமா?" மருத்துவம் போல் உறுதியான வருவாய் தரும் படிப்பு இது என்று பொய்யுரைக்க மாட்டோம். ஐ.நா. அமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், சட்டம், இதழியல், கல்வி ஆகியவை வழக்கமான வாயில்கள். ஆனால் திருப்பூர் மக்களுக்குப் புதிய வாயில் ஒன்றும் திறந்திருக்கிறது. வணிகமும் மனித உரிமையும் குறித்த வழிகாட்டு நெறிகளை 2011இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை ஏற்றது. ஜெர்மனி 2023 ஜனவரி முதல் அதற்கெனச் சட்டமே நடைமுறைப்படுத்தியது. நம் பனியனை வாங்கும் ஐரோப்பிய நிறுவனங்கள், தைத்த பெண்ணுக்கு உரிய கூலி கிடைத்ததா, குழந்தைத் தொழிலாளர் உண்டா என்று கேட்கின்றன. இதற்கு வெறும் தாளை நிரப்பித் தருவோர் பலர். தொழிலாளியின் குறையை உண்மையாகக் கேட்டுத் தீர்க்கத் தெரிந்தவர் சிலரே.

"பெண் பிள்ளையைத் தனியே அனுப்புவதா?" தங்குமிடம், உடன் பயிலும் மாணவியர், அவ்வூர் ஜமாஅத், முன்பு படித்தோரின் அனுபவம் ஆகியவற்றை விசாரித்தபின் முடிவெடுங்கள். விசாரிக்காமலே மறுப்பது மட்டும் வேண்டா. போரில் கணவனையும் மானத்தையும் இழந்த பெண்கள், ஆண்களிடம் சொல்லாததைப் பெண்ணிடமே சொல்வர். அவர்களிடம் கேட்கச் செல்வது யார்?

நம் வாசலில் நிற்கும் கேள்வி

வாசகர்களே! இது அயல்நாட்டுக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். மங்கலத்திலிருந்து சில மணி நேரப் பயணம்கூட இல்லாத கோயம்புத்தூரில், 1997 நவம்பர் 29 அன்று ஒரு காவலர் முஸ்லிம் இளைஞர்களால் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் மாண்டனர். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர்கள் பறிபோயின. ஒரு கொலை பல கொலைகளாகப் பெருகிய அந்த எழுபத்தெட்டு நாட்களில், இரு பக்கமும் சென்று பேசப் பயிற்சி பெற்றவர்கள் நம்மிடம் எத்தனை பேர் இருந்தனர்? பல வீடுகளில் அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை; இரு பக்க வீடுகளிலும்தான்.

2023 மார்ச்சில், தமிழகத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவின. திருப்பூரிலும் தொழிலாளர்கள் அஞ்சினர். அதிகாரிகள் விரைந்து அவர்கள் மொழியிலேயே பேசி அச்சம் களைந்தனர். பகை இனியும் இப்படித்தான் வரும்: ஒரு வதந்தியாக, ஒரு கைபேசிக்குள்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவத்திற்கு முன், இளமைப் பருவத்தில் கலந்துகொண்ட ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையை நாம் அறிவோம். யமன் நாட்டு வணிகர் ஒருவரிடம் சரக்கை வாங்கிவிட்டு, மக்கத்துப் பிரமுகர் பணம் தர மறுத்தார். அநீதி இழைக்கப்பட்டவர் எவராயினும் அவர் பக்கம் நிற்போம் என்று அன்று சிலர் ஒன்றுகூடி உறுதி பூண்டனர். அந்த வணிகர் அவர்கள் கோத்திரத்தவர் அல்லர். பிற்காலத்திலும் அவ்வுடன்படிக்கையை நபிகளார் பெருமையுடன் நினைவுகூர்ந்தார்கள். கூலிக்கு நெய்து கொடுத்துவிட்டுப் பணத்திற்குக் காத்திருக்கும் மங்கலத்து அத்தாவுக்கு, இந்நிகழ்ச்சியை விளக்க வேண்டிய தேவையே இல்லை.

அவர் மகளிடம் இனி இப்படிச் சொல்லலாம்: "போய்ப் படித்து வா, மகளே! நம் காயத்தை எழுதக் கற்றுக்கொள். அடுத்தவர் காயத்தைக் கேட்கவும் கற்றுக்கொள். கற்றதைக் கொண்டு ஊருக்குத் திரும்பி வா."

அவ்வாறு திரும்பி வரும் பிள்ளைகளால் நம் தெருக்கள் அமைதி பெறும், இன்ஷா அல்லாஹ்!